தண்ணீர் குடிக்காதவன்

விளக்குக்காரன் தண்ணீரே குடிப்பதில்லை என்று கண்டுபிடித்தது எங்கள் பாவாதான். இரண்டு பாகம், நாற்பது எபிசோட், இருநூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழு, ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. எனக்கும் படவில்லை. இத்தனைக்கும் அந்தத் தொடரை மூன்று தடவை பார்த்தவள் நான்.

பாவா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். ஆந்திராவில் நகரிப் பக்கம் பிறந்தவர், அதனால் எங்களுக்கு அவர் மாமா ஆகாமல் தெலுங்கு முறைப்படி பாவா ஆனார். கனகம்மாசத்திரத்தில் பஸ் நிறுத்தத்தை ஒட்டிப் பஞ்சர் கடை வைத்திருந்தார். இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திய பிறகு கடையை வேறொருத்தர் கையில் விட்டுவிட்டு, வாரத்தில் மூன்று நாள் திருத்தணியிலிருந்து அரக்கோணம் போய் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். செவ்வாயும் வியாழனும் அக்கா கூடப் போவாள். சனிக்கிழமை என் முறை.

டயாலிசிஸ்காரர்களுக்கு ஊசியை விடத் தண்ணீர்தான் பெரிய வேதனை. குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிடும், கால் வீங்கும், மூச்சு வாங்கும். அக்கா ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பேனாவால் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தாள். காலைக்கு இது வரை, மாத்திரைக்கு இது வரை, மத்தியானத்துக்கு இது வரை. தையல் மிஷினில் குனிந்தபடியே "கோட்ட தாண்டாதீங்க" என்று சொல்வாள். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள், ஆனால் அவர் பாட்டிலை எடுத்தது அவளுக்குத் தெரிந்துவிடும்.

அப்படி இருக்கிற மனுஷன் திரையில் என்னத்தைப் பார்ப்பார்? யார் யார் தண்ணீர் குடிக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். ராஜா குடித்தான், தளபதி குடித்தான், தளபதியின் குதிரை கூடக் குடித்தது. விளக்குக்காரன் மட்டும் ஒரு வாய் குடிக்கவில்லை.

தொடரைப் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். தெலுங்கில் எடுத்து, தமிழில் குரல் கொடுத்து, ஃபோனில் வருகிற தொடர். ஒரு கோட்டை. அங்கே விளக்கேற்றுகிற வேலைக்காரன் ஒருத்தன். அவனுக்குப் பெயர் இல்லை. "ஏய் விளக்கு" என்றுதான் கூப்பிடுவார்கள், அடிக்கவும் செய்வார்கள். ஆனால் அவன் ஏற்றிய விளக்கு காற்றில் அணையாது. அவன் தொட்டுக் கட்டிய காயம் மறுநாள் இருக்காது. இரண்டாம் பாகத்தின் கடைசியில் அவன் நெஞ்சில் ஈட்டி பாய்கிறது, கிணற்றுக்குள் விழுகிறான், கிணறு முழுக்க வெளிச்சம். அத்தோடு நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் பாகம் இதோ வருகிறது அதோ வருகிறது என்று ஒன்றரை வருஷம் இழுத்தார்கள்.

அந்த ஒன்றரை வருஷத்தில் எங்கள் குழுவில் நடந்த சண்டைகளைத் தொகுத்தால் தனியாக ஒரு தொடர் எடுக்கலாம். அவன் கடவுள், அவனுக்கே அது தெரியாது என்று ஒரு கட்சி. முதல் எபிசோடுக்கு முன்பே அவன் செத்துப் போனவன், நாம் பார்ப்பது ஆவியை என்று ஒரு கட்சி. சக்தி அவனிடம் இல்லை, எண்ணெய்க் கிண்ணத்தில்தான் இருக்கிறது என்று ஒருத்தர் தனிக்கட்சி. அவர்தான் குழுவின் அட்மின். அரக்கோணத்தில் பைக் மெக்கானிக், நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். மனுஷனைக் கடவுள் என்று சொல்ல அவருக்கு மனம் வராது, அதனால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். ஆனால் சட்டதிட்டம் பலமானது. எந்த எபிசோட், எத்தனையாவது நிமிஷம் என்று போடாமல் ஆதாரம் என்று யார் எழுதினாலும் உடனே அழித்துவிடுவார்.

நான் கடவுள் கட்சி. தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். நாள் முழுக்க மற்றவர்களின் சான்றிதழ்களைப் பார்க்கிற வேலை என்பதால் ஆதாரம் தேடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தேவர்களுக்கு இமை கொட்டாது, வியர்க்காது, கால் தரையில் படாது என்று சின்ன வயதில் மலைக்கோயில் சொற்பொழிவில் கேட்டிருந்தேன். இமையைப் பார்க்கலாம் என்று ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பதினோராம் எபிசோடை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரே காட்சியில் ஏழு தடவை இமைத்தான். நடிகனுக்குக் கண்ணில் தூசி விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், குழுவில் மூச்சு விடவில்லை.

அப்போதுதான் பாவா தண்ணீர் விஷயத்தைச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது எபிசோடையும் ஓட்டிப் பார்த்தேன். உண்மை. கோடையில் நடக்கிறான், கோட்டைக்குக் கல் சுமக்கிறான், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்திலேயே தூங்குகிறான், குடிக்கவில்லை. உடனே குழுவில் போட்டுவிட்டேன், எபிசோட் நம்பர்களோடு. தாகமே இல்லாதவன் தேவனைத் தவிர யார் என்று கேட்டேன்.

சனிக்கிழமை டயாலிசிஸ் மிஷினில் படுத்திருந்தபோது பாவா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "செத்தவனுக்கும்தாமா தாகம் எடுக்காது," என்றார். "உயிரோட கீறவனுக்கு எப்டி எடுக்கும்னு என்னக் கேளு."

ஒரே ஆதாரம். அதை வைத்து நான் கடவுள் என்றேன், அவர் பிணம் என்றார். அன்றிலிருந்து அவருக்கும் எனக்கும் தீராத வழக்கு. நான்கு மணி நேரம் மிஷின் ஓடும், நாங்களும் ஓயமாட்டோம். பக்கத்துப் படுக்கைக்காரர் ஒருநாள் எங்கள் சாவுப் பேச்சைக் கேட்டு, யாருக்கு என்ன ஆச்சு, சொந்தக்காரங்களா என்று கவலையோடு விசாரித்தார்.

சிரிப்பெல்லாம் அந்த வழக்கோடு சரி. வீட்டில் வேறொரு விஷயம் யாராலும் பேச முடியாமல் கிடந்தது. அக்கா தன் சிறுநீரகம் ஒன்றைத் தருகிறேன் என்றாள். ரத்தப் பிரிவு பொருந்தியது, சென்னைக்குப் போய்ச் செய்த எல்லாப் பரிசோதனையும் பொருந்தியது. சிறுநீரக தானத்துக்கு அனுமதி தருகிற அரசு குழுவுக்குக் கொடுக்கவேண்டிய காகிதங்கள் அத்தனையையும் நான்தான் நகல் எடுத்துக் கோத்தேன். கல்யாணப் பத்திரிகை, கல்யாண ஃபோட்டோ, ரேஷன் அட்டை, ஆதார், எல்லாம் ஒரு பச்சை ஃபைலில். பாவாவின் கையெழுத்து மட்டும் பாக்கி. அவர் போட மாட்டேன் என்றார். அந்த ஃபைல் என் கடை அலமாரியில் ஐந்து மாதம் கிடந்தது. கடை திறந்ததும் என் கண் முதலில் அதில்தான் போய் நிற்கும்.

காரணம் கேட்டால் மகளைச் சொல்வார். ஏழாவது படிக்கிற பெண், ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் படுத்தால் யார் பார்ப்பது என்பார். நான் இருக்கிறேனே என்றால் பேச்சை மாற்றுவார். இன்னொரு நாள் மிஷின் பழகிவிட்டது என்பார். அவர் கால் வீங்கியிருக்கும், முகம் மண் நிறத்தில் இருக்கும், தாகம் தெரியாமல் இருக்க வாயில் எலுமிச்சைத் துண்டை அடக்கிக்கொண்டு பழகிவிட்டது என்பார். எனக்குக் கோபம் தலைக்கேறும். நோயாளியிடம் கத்தக் கூடாது என்று வெளியே வந்து டீக்கடையில் நிற்பேன்.

ஒருவழியாக மூன்றாம் பாகத்துக்குத் தேதி சொன்னார்கள். ஐப்பசியில், கந்தசஷ்டி வாரத்தில். குழுவில் எல்லாரும் தங்கள் கடைசித் தீர்ப்பை எழுதச் சொன்னார் பாய். நான் இப்படி எழுதினேன்: விளக்குக்காரன் சாகவில்லை, யாரையும் கொல்லவும் மாட்டான், கிணற்றிலிருந்து ஏறி வருவான், ராஜாவின் மேல் அவனுக்கிருந்த கோபம் தணியும், அத்தோடு கதை முடியும். குழுவே கைகொட்டிச் சிரித்தது. சண்டை இல்லாமல் சாமிக் கதையா என்று ஒருத்தர் கேட்டார். வில்லனைக் கொல்லாமல் விட்டால் காசைத் திருப்பிக் கேட்போம் என்றார் இன்னொருத்தர்.

அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்பது எனக்குப் புரிய ஒருநாள் ஆயிற்று. எங்கள் மலையில் சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் கிடையாது. போரெல்லாம் முடித்து, சினம் தணிந்து சாமி வந்து நின்ற இடம் இது என்பதால் இங்கே வேலும் வேண்டாம் சூரனும் வேண்டாம், அன்றைக்குக் கூடை கூடையாகப் பூவைக் கொட்டி அர்ச்சனை செய்வார்கள். நான் அதைப் பார்த்தே வளர்ந்தவள். கல்யாணமாகித் தெற்கே போன ஊரில்தான் முதன்முதலாகச் சூரசம்ஹாரம் பார்த்தேன். தெரு நிறைய ஜனம், பொம்மைச் சூரனின் தலை விழுகிறது, எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், நான் மட்டும் திறந்த வாய் மூடாமல் நின்றேன். பூ எப்போது கொட்டுவார்கள் என்று மாமியாரிடம் கேட்டேன். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை, மூன்று வருஷத்தில் ஊர் திரும்பிவிட்டேன். அது சூரனால் அல்ல. ஆனால் எந்தக் கதையைக் கேட்டாலும் கடைசியில் கோபம் தணியும், பூ விழும், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்றே என் புத்தி நினைக்கும். திருத்தணியில் பிறந்தவர்களுக்கு வருகிற கோளாறு இது.

அந்தக் கோளாறோடுதான் நான் பந்தயத்தில் மாட்டினேன். தொடர் வருவதற்கு முந்தைய சனிக்கிழமை, மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் உயிரோடுதான் வருவான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வழக்கம்போல அடித்துச் சொன்னேன்.

"அப்போ ஒண்ணு பண்ணலாமா," என்றார் பாவா. "அவன் உயிரோட வந்தா அந்த ஃபைல்ல நான் கையெழுத்து போடறேன். செத்தவன்னு காமிச்சுட்டா நீயும் உங்க அக்காவும் அந்தப் பேச்ச இனிமே எடுக்கக் கூடாது."

நான் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. ஐந்து மாதமாகத் திறக்காத கதவு இவ்வளவு சுலபமாகத் திறக்கிறதே என்று சரி என்றேன். அக்காவிடம் கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் யோசித்தேன். நான் எதைப் பந்தயம் வைத்தேன்? என்னுடையதாக இருந்த எதையும் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் எபிசோட் வந்தது. இருவரும் சனிக்கிழமை சேர்ந்து பார்ப்பதென்று பேச்சு. யாராவது உளறிவிடுவார்கள் என்று குழுவையே ஒருநாள் திறக்காமல் வைத்தேன். மலையில் சஷ்டிக் கூட்டம், அரக்கோணம் பஸ்ஸில் நிற்க இடமில்லை, பாவாவுக்கு ஒருத்தர் எழுந்து இடம் கொடுத்தார். எடை பார்த்து, படுக்கையில் போட்டு, கையில் ஊசி ஏற்றி, மிஷின் ஓட ஆரம்பித்ததும் ஆளுக்கொரு பக்கம் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டோம்.

நாற்பத்தைந்து நிமிஷம். கடைசிப் பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார்கள். கோட்டை கட்டும்போது கிணற்றில் தவறி விழுந்து செத்த ஒரு கூலிக்காரன்தான் விளக்குக்காரன். கதை தொடங்குவதற்கு முப்பது வருஷம் முன்பே செத்தவன். அதனால்தான் பெயர் இல்லை, அதனால்தான் தண்ணீர் குடிக்கவில்லை. பாவா சொன்னது வரிக்கு வரி சரி. இருநூறு பேரில் அவர் ஒருத்தர்தான் தண்ணீரை வைத்து அதைச் சொன்னவர்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விளக்குக்காரனுக்காக இல்லை. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் பாவா என்று சொல்லத் திரும்பினேன். ஜெயித்தவர் முகமாக அது இல்லை. இயர்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மிஷினில் ஓடுகிற தன் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில், ஊருக்கு வெளியே மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், தானாகவே ஆரம்பித்தார்.

"நான் எதுக்கு செத்தவன் பக்கம் கட்னேன் தெரியுமா? தோத்துடுவேன்னு நம்பிதாமா கட்னேன். நீதான் அவ்ளோ தைரியமா சொல்லிகினு இருந்தியே. தோத்தா, பந்தயத்துல தோத்துட்டேன், அதான் கையெழுத்து போட்டேன்னு சொல்லிக்கலாம். என் வாயால அவகிட்ட குடுன்னு எப்டிமா கேப்பேன்?"

ஐந்து மாதமாக அவர் வேண்டாம் வேண்டாம் என்றதெல்லாம் இதுதானா. விளக்குக்காரன் இமைப்பதை எண்ணினேன், அவன் குடிக்காத தண்ணீரை எண்ணினேன், அவன் முகத்தில் இல்லாத அர்த்தத்தையெல்லாம் தேடினேன். வாரா வாரம் நான்கு மணி நேரம் எதிரே படுத்திருந்த மனுஷனுக்குப் பிழைக்க ஆசை என்பதை மட்டும் நான் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், பாவா முன்னாலேயே. பேச்சை எடுக்கக் கூடாது என்ற வாக்கு அப்படியே உடைந்தது. அக்கா ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எந்தத் தொடர், யார் விளக்கு, யார் செத்தது என்று இரண்டு தடவை கேட்டாள். அவள் அதில் ஒரு எபிசோட் கூடப் பார்த்தவள் இல்லை. புரிந்ததும் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"பந்தயம் நீங்க ரெண்டு பேரும் கட்டிகினது," என்றாள். "கிட்னி என்னுது."

பாவா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "பதினாலு வருஷமா சட்டைக்கு பட்டன் அந்துட்டா கூட என்னத்தான் கேக்கறீங்க. இத கேக்க மட்டும் உங்களுக்கு சீரியல்காரன் வரணுமா?"

அவர் தலை நிமிர்ந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"குடுக்கறியா," என்றார்.

"ஆங்," என்றாள் அக்கா, காலையிலேயே முடிந்துபோன விஷயம் மாதிரி. என்னை முறைத்தாள். "போய் அந்த ஃபைல எட்தாடீ. நின்னுகினு இருக்க."

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். சஷ்டிக்கு ஊரே மலையில் இருந்தது, எங்கள் கடைத்தெருவில் ஈ காக்கை இல்லை. ஷட்டரைத் தூக்கி, பச்சை ஃபைலை எடுத்து, தூசியைத் தாவணியால் துடைக்கிற பழக்கத்தில் துப்பட்டாவால் துடைத்தேன். மலையிலிருந்து மேளச் சத்தம் கேட்டது. பூ கொட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். நடுத்தெருவில் நின்று அழுதேன், யாரும் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் மாதங்கள் பிடித்தன. சென்னையில் அந்த அரசு குழுவின் முன்னால் அக்காவைத் தனியாக உட்கார வைத்து, இதைத் தரச்சொல்லி உங்களை யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார்களாம். "நான்தான் அவர கட்டாயப்படுத்தனேன்" என்றாளாம். அதைக் கேட்டு அங்கே ஒரு டாக்டரம்மா சிரித்துவிட்டாராம். அறுவை சிகிச்சை அன்று நானும் அக்கா மகளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். முதலில் அக்கா நன்றாக இருக்கிறாள் என்று வந்து சொன்னார்கள். ரொம்ப நேரம் கழித்து, பாவாவுக்கு ஆபரேஷன் மேஜையிலேயே சிறுநீர் இறங்கிவிட்டது, புதுச் சிறுநீரகம் வேலை செய்கிறது என்றார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு இரண்டு பேர் கட்டிப்பிடித்துக் குதித்ததைப் பார்த்தவர்கள் எங்களை என்ன நினைத்தார்களோ.

வாட்ஸ்அப் குழுவில் அவர் ஹீரோ ஆகிவிட்டார். தண்ணீர் ஆதாரத்துக்காக. வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து, ஒரு பெரிய டம்ளரில் தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒரு ஃபோட்டோ எடுக்கச் சொல்லி என்னிடம் வாங்கிக் குழுவில் போட்டார். எந்த எபிசோட், எத்தனையாவது நிமிஷம் என்று கேட்டார் பாய். விஷயம் தெரிந்தும் சட்டத்தை விடவில்லை. அப்புறம் தனியாக ஃபோன் செய்து ரொம்ப நேரம் பேசினாராம்.

மாற்றிய சிறுநீரகம் நன்றாக ஓடவேண்டுமானால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஏங்கிக் கிடந்த ஆளுக்கு அதுவும் கஷ்டமாகத்தான் இருந்தது. வயிறு கொள்ளவில்லை, ஒளிந்து ஒளிந்து ஜன்னலுக்கு வெளியே செடிக்கு ஊற்றுவார். போன வாரம் போயிருந்தேன். பழைய பாட்டில் போய் அதைவிட இரண்டு பங்கு பெரிய பாட்டில் வந்திருக்கிறது. அதிலும் பேனாக் கோடுகள். அக்கா தையல் மிஷினில் குனிந்தபடி, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"இன்னும் கோட்டுக்கு வரல. குடிங்க."

பாவா என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, பாட்டிலைத் தூக்கிக் குடித்தார்.